அப்பாவுக்கு புராஸ்டேட் 52 கிராம் என்று ஸ்கேன் சொல்கிறது. உடனே ஆபரேஷன் தேவையா?

கம்பம் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. விடிவதற்கு முன்னாலேயே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய், சாயங்காலம் இறங்குகிறவர்.

கொஞ்ச காலமாகவே ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். பாத்ரூமில் போய் நின்றால் சட்டென்று வருவதில்லை, வந்தாலும் நூல் போலத்தான். ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் காலை டீயை விட்டார், அப்புறம் தோட்டத்தில் தண்ணீர் குடிப்பதையும் விட்டார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட் 52 கிராம், கிரேடு 2, ஒன்றுக்குப் போன பிறகு சிறுநீர்ப்பையில் மீதி 95 மி.லி. கிட்னி இரண்டும் நார்மல். அந்தத் தாளை மட்டும் பார்த்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இந்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். கையால் பரிசோதிக்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. தெருவில் ஆளாளுக்கு கேன்சராக இருக்கும் என்கிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியாறு தோட்டம்:

பயப்படாதே தம்பி. எங்கள் மாமாவுக்கு 80 கிராம் என்று எழுதியிருந்தார்கள். ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார், மாத்திரைகூடக் கிடையாது. அவர் தம்பிக்கு 28 கிராம்தான். அவருக்கு நீர் அடைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக நீர் இறங்க டியூப் போட வேண்டி வந்தது. ஒரே வீட்டில் இரண்டும் பார்த்தாகிவிட்டது. ஏன் அப்படி என்று சிஸ்டர் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

குமுளி சிஸ்டர்:

நான் கேரளப் பக்கம் யூராலஜி வார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். வார்டுக்கு வந்த குடும்பங்களில் பாதி, கையில் ஸ்கேன் தாளைப் பிடித்துக்கொண்டு கிராம் எண்ணைத்தான் முதலில் சொல்லும். தம்பி, அந்த எண்ணை வைத்து ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. கிரேடு 2 என்பதும் அளவைத்தான் குறிக்கிறது, நோயின் கடுமையை இல்லை.

இளவயதில் புராஸ்டேட் சுமார் 20 கிராம் இருக்கும். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சுரப்பி. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அந்தச் சுரப்பிக்குள் போய் இன்னும் வீரியமான ஒன்றாக மாறும், அது வருஷக்கணக்கில் தூண்டத் தூண்ட உள்பகுதி பருக்கும். 51-லிருந்து 60 வயதுக்குள் ஏறத்தாழ பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி உண்டு, 80-ஐத் தாண்டினால் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு உண்டு. நரை மாதிரி வயதோடு வருவது. ஆனால் தொந்தரவு எல்லோருக்கும் வருவதில்லை. சிலருக்கு சதை வெளிப்பக்கமாக வளர்ந்து குழாயைத் தொடாமல் இருக்கும். சிலருக்கு சுரப்பியின் நடுப்பகுதி (நடுமடல்) கொஞ்சமே வளர்ந்து பையின் வாய்க்குள் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டிப்பெரியாறு அண்ணன் சொன்ன 80-க்கும் 28-க்கும் இதுதான் பெரும்பாலும் காரணம்.

மீதி 95 என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, பை முட்டிய பிறகு, கதவுக்கு வெளியே ஆள் காத்திருக்க அவசரமாகப் போய்விட்டு வருவார்கள். அப்போது மீதி அதிகமாகத்தான் காட்டும். சாதாரணமாக முட்டும்போது போய்விட்டு வந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

டாக்டர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. போன ஒரு மாதத்தில், போன பிறகும் மீதி இருப்பது போல இருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா, வேகம் குறைவா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை என்று ஏழு கேள்வி உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி. அப்பாவை உட்காரவைத்து நீயே கேள். அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேள்.

இதோடு யூரின் டெஸ்ட், சுகர், கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின், புராஸ்டேட்டில் சுரக்கும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனை, முடிந்தால் நீர் வேகம் அளக்கும் யூரோஃப்ளோ. இவ்வளவும் பார்க்காமல் முன்பணம் கேட்கிற இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டாம்.

கேன்சர் என்று சொல்கிறவர்களை நிறுத்தச் சொல். இந்த வீக்கம் கேன்சராக மாறாது. இரண்டும் வேறு வேறு. இது உள்பகுதியில் வளர்வது, கேன்சர் பெரும்பாலும் வெளிப்பகுதியில் வருவது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், அதனால்தான் விரல் பரிசோதனையும் பிஎஸ்ஏவும்.

கம்பம் மகன்:

ரொம்ப நன்றி சிஸ்டர். நேற்று மொட்டைமாடியில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டினால் 18 வருகிறது. எட்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. "பஸ்ஸில் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லையே" என்று மட்டும் சொன்னார்.

விரல் பரிசோதனைக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அதற்குப் பதிலாக ஸ்கேன் போதாதா?

போடி ஏலக்கடை:

தம்பி, எங்கள் அப்பாவும் அப்படித்தான் முரண்டு பிடித்தார். உள்ளே என்ன நடந்தது என்று அப்புறம் கேட்டேன். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லி, கையுறை போட்டு ஜெல் தடவி, அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்களாம். வலி இல்லை, ஒன்றுக்கு வருவது போல ஒரு முட்டல் மட்டும். பல் பிடுங்குவதற்குப் போனதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை என்றார்.

ஸ்கேன் அளவைச் சொல்லும், மீதியைச் சொல்லும். கல்லு மாதிரி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறதா, தொட்டால் சீழ் பிடித்தது போல வலிக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். சாதாரண வீக்கம் ரப்பர் மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவிடம் மகன் சொல்வதைவிட, அவர் வயதுக்காரர் ஒருவர் சொன்னால் கேட்பார். உங்கள் ஜீப்பிலேயே இந்தத் தொந்தரவு உள்ளவர் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள், பேச்சுக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெட்டு மருந்துக்கடை:

நான் எல்லையில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இரண்டு மாநிலத்துச் சீட்டும் என் கைக்கு வரும். மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் சிரமப்படுகிறார்கள்.

முதல் வகை, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவது. டாம்சுலோசின் 0.4 மி.கி., அல்ஃபுசோசின் 10, சிலோடோசின் 8. சில நாளிலேயே வேகம் கூடுவது தெரியும், முழுப் பலன் தெரிய சில வாரம். இது சுரப்பியைச் சுருக்காது, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் படுக்கையிலிருந்து திடீரென்று எழும்போது தலை சுற்றும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு, ஒன்றுக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நடக்க வேண்டும். வயதானவர் ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடுப்பு ஒடிந்தால் புராஸ்டேட்டைவிட அது பெரிய துன்பம். இன்னொன்று, உறவின்போது விந்து வெளியே வராமல் பைக்குள் போகலாம், சிலோடோசினில் இது அதிகம். கெடுதல் இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆள் பயந்து மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடுவார்.

இரண்டாவது வகை, அந்த ஹார்மோன் மாற்றத்தைத் தடுத்து சுரப்பியையே சுருக்குவது. ஃபினாஸ்டரைடு 5 மி.கி., டுடாஸ்டரைடு 0.5 மி.கி. அளவு பெரிதாக, பொதுவாக 30, 40-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் இதில் பலன். ஆறு மாதம் பொறுமையாகப் போட வேண்டும். சுமார் கால்பங்கு சுருங்கும். ஒரு மாதம் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆசை குறைவது, விறைப்பு குறைவது, சிலருக்கு மார்பில் வலி என்று பக்கவிளைவு உண்டு. 2003-இல் வெளிவந்த எம்டாப்ஸ் என்ற பெரிய ஆய்வில் 3,047 பேரைச் சராசரியாக நாலரை வருஷம் கவனித்தார்கள். இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றுவது, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 66 சதவீதம் குறைவாக இருந்தது.

இரண்டாவது வகை பிஎஸ்ஏ அளவைப் பாதியாக்கிவிடும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே பிஎஸ்ஏ எடுத்துச் சீட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து 2 என்று வந்தால் அதை 4 என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

டடாலஃபில் 5 மி.கி. தினமும் கொடுப்பதும் உண்டு. இதயத்துக்காக நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் அதைத் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் மேலே பனி இறங்கினால் சளி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் அதிகம். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின் எல்லாம் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு நீரை முழுக்க நிறுத்திவிடக்கூடும். கடையில் சளி மாத்திரை கேட்கும்போது, எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சின்னமனூர் வாழைத்தோப்பு:

இவ்வளவு மாத்திரை எதற்கு? எங்கள் பக்கம் நெருஞ்சில் கஷாயமும் சிறுபீளையும் வாழைத்தண்டுச் சாறும்தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நீரடைப்புக்கு அதுதான் கைமருந்து. இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டு ஆண்மை போவதைவிட இது மேல் இல்லையா?

குமுளி சிஸ்டர்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். நெருஞ்சிலும் வாழைத்தண்டும் நீரைப் பெருக்கும். உடம்பில் சூடு, நீர்க்கடுப்பு என்றால் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். ஆனால் இங்கே வெளியேறும் வழியில்தான் அடைப்பு. மடையில் மண் சரிந்து கிடக்கும்போது அணையிலிருந்து இன்னும் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால்தானே உடையும்? பை வழிய வழிய நிறைந்து, கஷாயம் குடித்த ராத்திரியே டியூப் போட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இதே நம்பிக்கையோடு சாபல்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழச்சாற்றைச் சாப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளிலும் அது கேப்ஸ்யூலாக விற்கிறது, விலையும் அதிகம். 2006-இல் 225 பேருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அளவு போதவில்லையோ என்று மூன்று மடங்கு வரை கூட்டிப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. அதிலும் அதே முடிவு. காசு மிச்சமாகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கம்பம் தம்பி, அப்பாவிடம் இன்னொரு வேலை கொடு. மூன்று நாள் நீர்க்கணக்கு எழுத வேண்டும். ஒரு பழைய அளவு ஜக் போதும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார், இரண்டும். ராத்திரி படுத்த பிறகு போவதும், விடிந்து எழுந்ததும் போகும் முதல் நீரும் ராத்திரிக் கணக்கில் சேரும்.

கம்பம் மகன்:

எழுதிவிட்டோம் சிஸ்டர். தோட்டத்திலும் எழுதினார், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஜக்கை மறைத்து வைத்திருந்தாராம். அப்படியே தருகிறேன்.

காலை நாலரைக்கு எழுந்ததிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை குடித்தது பால் இல்லாத ஒரு கட்டன்சாயா, சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு. ஆறரைக்கு டீ. ராத்திரி சாப்பாட்டோடு ரசம், மோர், இன்னும் ஒரு சொம்பு தண்ணீர். பிரஷர் மாத்திரை ராத்திரி எட்டரைக்கு, அட்டையைப் பார்த்தேன், அதில் நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 1,400 மி.லி. போகிறார் என்றால் அதில் 850 ராத்திரியில். மூன்று நாளும் கிட்டத்தட்ட இதேதான். சாயங்காலம் கால் லேசாக வீங்கியும் இருக்கிறது.

குமுளி சிஸ்டர்:

பார்த்தாயா தம்பி. இந்த வயதில் ஒரு நாள் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் வந்தால், ராத்திரி நீர் அதிகம் என்று அர்த்தம். அப்பாவுக்குப் பாதிக்கு மேல் வருகிறது. அப்படியானால் அவர் எழுந்திருப்பதற்குப் புராஸ்டேட் மட்டும் காரணமில்லை. ஜீப்புக்குப் பயந்து பகல் முழுக்க வறண்டு கிடந்து, பகல் தண்ணீரையெல்லாம் ராத்திரியில் குடிக்கிறார். அதற்கு மேல் நீர் மாத்திரை. அதற்கு மேல், நின்று நின்று காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் ஏறி மூத்திரமாக வருகிறது. இதில் எதையும் ஆபரேஷன் சரி செய்யாது. ஆபரேஷன் முடிந்த பிறகும் ராத்திரி நாலு தடவை எழுந்திருந்தால், செலவு செய்த குடும்பம் யாரைக் கேட்கும்?

மேலே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தாராளமாகக் குடிக்கட்டும். மூன்று மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளட்டும். நீர் மாத்திரை நேரத்தைப் பிரஷர் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். ஜீப் ஏறும் முன் போட்டால் மலை வளைவில் அவஸ்தை, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கட்டும். கால் வீக்கத்துக்கு இதயமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உத்தமபாளையம் வாத்தியார்:

இழையை முழுக்கப் படித்தேன். ஆபரேஷன் செய்துகொண்டவன் என்ற முறையில் சிலது சொல்லலாம் என்று தோன்றியது. ஆபரேஷனே கூடாது என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக்கூடாது.

டியூப்பை எடுத்தால் மறுபடி அடைத்துக்கொள்வது, திரும்பத் திரும்ப நீரில் கிருமி, நிற்காமல் ரத்தம், பையில் கல், பின்னழுத்தத்தால் கிட்னி வீங்குவது அல்லது கிரியாட்டினின் ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. மாத்திரை போட்டும் தொந்தரவு குறையாதவர்களும், மாத்திரையே வேண்டாம் என்பவர்களும் செய்துகொள்ளலாம். எனக்குப் பையில் கல் இருந்தது.

என் தாத்தா தலைமுறையில் அடிவயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள். இந்திய மருத்துவப் பணியில் இருபது வருஷம் இருந்துவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரையர் என்ற சர்ஜன்தான் 1900-ஐ ஒட்டி அந்த முறையைப் பிரபலமாக்கினார். இப்போது வெளியே ஒரு கீறல்கூட இல்லை. டியுஆர்பி என்றால் நீர்க்குழாய் வழியாகக் கருவியை விட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் அடைக்கும் சதையைச் சீவிச் சீவி எடுப்பது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நாம் முழித்துக்கொண்டே இருக்கலாம். திரையில் எனக்கே தெரிந்தது. வளையம் ஒரு இழுப்பு இழுத்தால் சிறு சிறு துண்டு தண்ணீரில் மிதந்து போகும். ஹோலெப் என்ற லேசர் முறையில் உள்சதையை முழுசாகப் பிரித்து, பைக்குள் தள்ளி, அங்கே பொடியாக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். மிகப் பெரிய சுரப்பிக்கும் அது பொருந்தும். இரண்டிலும் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முனை டியூப் போட்டு, ஒரு பக்கம் சலைன் உள்ளே போக, மறுபக்கம் ரோஸ் நிறத்தில் வெளியே வந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், அது இயல்பு. இரண்டு மூன்று நாளில் டியூப்பை எடுத்தார்கள். முதல் தடவை போனபோது எரிந்தது, ஆனால் அந்த வேகத்தை நான் இளவட்டத்தில்தான் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து உள்ளே பொருக்கு உதிரும்போது மறுபடி கொஞ்சம் ரத்தம் வரலாம். நாலிலிருந்து ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, குலுங்கும் வண்டியில் போகக்கூடாது. கம்பம் தம்பியின் அப்பா ஒருவேளை பின்னால் ஆபரேஷன் செய்துகொண்டால், அந்த ஜீப்பை மறந்துவிட வேண்டும். மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று மூன்றாம் வாரமே ஏறிவிடக்கூடாது.

விறைப்பு பெரும்பாலோருக்குப் போவதில்லை. விந்து வெளியே வராமல் பைக்குள் போவது டியுஆர்பி செய்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்காவது நடக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னால் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். என்னிடம் சொன்னார்கள், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். வெளிப்பகுதி அப்படியே இருப்பதால் பிஎஸ்ஏவும் பின்னால் டாக்டர் சொல்கிறபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீர்மேடு லயம்:

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்கு வேலை கேரளத்தில், ரேஷன் கார்டு பாதிப் பேருக்குத் தமிழ்நாட்டில். கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் திட்டத்தில் போவதே சுலபம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. கேரளத்தில் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா, அதுவும் 5 லட்சம். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் போய், இந்த ஆபரேஷன் இந்த அட்டையில் வருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் லயத்திலிருந்து சிலர் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் போகிறார்கள், கீழே உள்ளவர்கள் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு. இரண்டு இடத்திலும் யூராலஜி உண்டு. பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், அங்கே சில பரிசோதனைகளையாவது திரும்பச் செய்யாமல் தவிர்க்கலாம்.

கம்பம் மகன்:

மதுரைக்குப் போய்வந்தோம். அப்பாவை விரல் பரிசோதனைக்குச் சம்மதிக்கவைத்தது போடி அண்ணன் சொன்ன வழிதான், ஜீப்பில் கூட வரும் ஒரு பெரியவர் பேசினார்.

யூரோஃப்ளோ பார்த்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புனலில் போகச் சொல்கிறார்கள், கீழே இருக்கும் மெஷின் கோடு போடுகிறது. 240 மி.லி. போனார், உச்ச வேகம் நொடிக்கு 11 மி.லி. 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் அடைப்பு பெரிது என்றார் டாக்டர். மறுபடி பார்த்ததில் மீதி 45 மி.லி. தான். பிஎஸ்ஏ 2.4. கிரியாட்டினின் 1.0. யூரினில் கிருமி இல்லை. விரலுக்குக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். டாம்சுலோசின் மட்டும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அப்போது சுருக்கும் மாத்திரையைச் சேர்ப்பதா என்று பார்ப்போம் என்றார். நீர் மாத்திரையை, தோட்டத்தில் பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பிரஷர் டாக்டர் மாற்றினார். தண்ணீர்க் கணக்கையும் மாற்றிவிட்டோம். மாத்திரை பிடிக்கும் முன்பே ராத்திரி எழுவது இரண்டு தடவையாகக் குறைந்துவிட்டது. அம்மா இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறார்.

அடுத்த மாதம் தேனியில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதானே?

மெட்டு மருந்துக்கடை:

சம்பந்தம் இருக்கிறது தம்பி, கேட்டது நல்லதாகப் போயிற்று. டாம்சுலோசின் கண்ணின் கருவிழித் திரையைத் தொளதொளப்பாக்கிவிடும். புரையை எடுக்கும்போது திரை கருவிக்குள் மடங்கி விழும். 2005-இல் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். முன்கூட்டித் தெரிந்தால் கண் டாக்டர் அதற்கான மருந்தும் கொக்கியும் தயாராக வைத்துக்கொள்வார், ஆபரேஷன் நல்லபடியாகவே முடியும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதாலும் பயனில்லை, அதன் விளைவு நாள்பட நிற்கும். மாத்திரை அட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். இன்னும் ஆரம்பிக்காதவர்கள், கண் ஆபரேஷனை முடித்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று இரண்டு டாக்டரிடமும் கேட்கலாம்.

நெடுங்கண்டம் ஏலம்:

எனக்கும் ஒரு சந்தேகம். நாங்கள் மேலே தோட்டத்திலேயே தங்குகிறவர்கள். ராத்திரியில் முழுசாக அடைத்துக்கொண்டால் மதுரைக்கா ஓடுவது?

குமுளி சிஸ்டர்:

வேண்டவே வேண்டாம். பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் இருக்கிறாரோ அங்கே போங்கள், நெடுங்கண்டமோ கட்டப்பனையோ கம்பமோ. டியூப் போட யூராலஜி டாக்டர் தேவையில்லை. நீர் இறங்கிய அந்த நிமிஷமே வலி போய்விடும். வழியில் தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று முயலக்கூடாது, அடிவயிற்றை அமுக்கவும் கூடாது. பை நிறைய தேங்கியிருந்தால் டியூப் போட்ட பிறகு மணிக்கணக்கில் நீர் கொட்டும், அதை அளந்து பார்க்க ஒரு ராத்திரி அங்கேயே இருக்கச் சொன்னால் இருங்கள். டியூப் போட்டாயிற்று என்பதற்காக உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. டாம்சுலோசின் மாதிரி மாத்திரை கொடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் டியூப்பை எடுத்துப் பார்ப்பார்கள், நிறையப் பேர் தானாகவே போய்விடுவார்கள். போகாதவர்களுக்குத்தான் அடுத்த பேச்சு.

நீரில் ரத்தக்கட்டி, குளிரோடு காய்ச்சல், அடைப்போடு கால் மரத்துப்போவது, இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்து ஜீப் டிரைவர் நம்பரைப் போனில் முதலாவதாகப் போட்டு வையுங்கள். அவரிடமும் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.